வீட்டை போவம்: ரொறன்ரோ முதியோர் இல்லங்களின் வரலாறும் எம் மூத்தோரும்

பெரியம்மாவுக்கு ஓர் இல்லம் தேட வேண்டும் என்ற முடிவுக்கு நாம் வந்து சேர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முடிவெடுத்த பின் கையில் கிடைத்த படிவத்தில் ஐந்து வரிகள் இருந்தன. விரும்பும் இல்லங்களின் பெயர்களை விருப்ப வரிசைப்படி அவற்றில் எழுத வேண்டும். ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு விண்ணப்பிக்கும் எவரும் பொதுவாக ஐந்துக்கு மேல் எழுத முடியாது. நெருக்கடி நிலையில் உள்ளவருக்கு மாத்திரம் அந்த எல்லை இல்லை.

அந்த ஐந்து வரிகளை நிரப்ப முனைந்தபோதுதான் இந்த நகரத்தில் முதியோர் இல்லங்கள் எப்படி வந்தன, யார் யாருக்காக யார் கட்டினார்கள் என்ற கதையை நாம் தேடிப் படிக்க நேர்ந்தது. எம்மைப் போல இன்னும் பல குடும்பங்கள் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து இதே படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

*

முதலில் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்த நோய்க்கு ஒரு சொல் இருந்தது. 'ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது' என்பார்கள். அதில் கொஞ்சம் பகிடியும் கொஞ்சம் இரக்கமும் உண்டு. ஆனால் அச்சம் இல்லை. அறளை பெயர்ந்த ஆச்சி விறாந்தையில் இருந்தார். படலையைத் தாண்டிப் போனால் ஒழுங்கையில் வருகிற யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்டால் ஒரு பிடி குழைத்துக் கொடுக்க ஆள் இருந்தது. அது நோயாகத் தெரியவில்லை, வயதாகத்தான் தெரிந்தது.

ஜெர்மனிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் 1906ஆம் ஆண்டில் தம்முடைய நோயாளி ஒருவரின் மூளையில் கண்டவற்றை விவரித்தார். 1910இல் அந்த நோய்க்கு அவருடைய பெயர் இடப்பட்டது. ஆனாலும் பல தசாப்தங்களுக்கு அது நடுவயதினருக்கு வரும் அரிய நோய் என்றும், முதியவர்களின் மறதி வேறு என்றும் மருத்துவ உலகம் நினைத்திருந்தது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றே என்ற எண்ணம் 1970களில்தான் வேரூன்றியது. அந்த நோயாளிகளின் குடும்பங்களுக்கென உலகில் முதன்முதல் எழுந்த அமைப்பு 1978இல் கனடாவில் தோன்றிய அல்ஸைமர் சங்கம். நாம் வந்திறங்கிய நாடு இந்த விடயத்தில் முன்னோடி என்பதை நாம் அறியாமலே இருந்தோம்.

ஊரில் அறளை பெயர்ந்தவரைத் தாங்கியது பிள்ளைகளின் பாசம் மட்டும் அல்ல. வீடும் அதைச் செய்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை காட்டுகிறபடி யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்பிள்ளைகளுக்குப் போயின. பெற்றோர் கடைசி மகளின் வீட்டில், அதாவது தாங்கள் வாழ்ந்த அதே வீட்டில், இருந்து முடித்தார்கள். வயது போனவர் இடம் மாற வேண்டியிருக்கவில்லை. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் போகும் வழி காலுக்கே தெரியும். முதியோர் இல்லம் என்பது பிள்ளையற்றவர்களுக்கு உரியது. 'என்னைக் கைதடிக்கு அனுப்பப் போறியளோ?' என்று வயதானவர்கள் கேட்டால் அது கேள்வி அல்ல, குற்றச்சாட்டு. கைதடியில் இருந்த முதியோர் இல்லத்தின் பெயரே வசவாகி விட்டிருந்தது.

1990இல் வலிகாமம் வடக்கு வீடுகள் போயின. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. வீடு போனதோடு அந்த வீட்டில் கட்டப்பட்டிருந்த ஏற்பாடும் போயிற்று. இதைப் பாசம் குறைந்த கதையாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

*

ரொறன்ரோவிலும் ஆரம்பத்தில் முதியோர் இல்லம் என்று ஒன்று இருக்கவில்லை. ஏழைகள் இல்லம்தான் இருந்தது. 1837இல் தொடங்கிய தொழில் இல்லம் 1848இல் எல்ம் வீதியில் சொந்தக் கட்டடம் பெற்றது. வேலையற்றோர், அநாதைகள், நோயாளிகள், வயோதிபர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். நூறு ஆண்டுகளுக்குப் பின் 1947இல்தான் அது முற்றாக முதியோருக்கான இடமாகிப் பெயர் மாறியது. மாகாணம் முழுவதிலும் ஒவ்வொரு கவுண்டியும் ஏழைகளுக்கு ஒரு புகலிடம் கட்டியாக வேண்டும் என்று 1903இல் சட்டம் வந்தது. வெள்ளைக்காரர்கள் பெற்றோரை இல்லத்தில் விடுவதை இயல்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று நாம் பேசிக்கொள்வதுண்டு. உண்மையில் அவர்களுடைய பாட்டன்மாருக்கும் அந்தக் கதவு அவமானமாகவே இருந்தது. அவர்களுக்கும் ஒரு கைதடி இருந்தது.

இந்த வரலாற்றில் எம்மை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி ஏறத்தாழ 38,000 பேர் கப்பலில் வந்து ரொறன்ரோவில் இறங்கினார்கள். அப்போது நகரத்தின் சனத்தொகையே 20,000 அளவில்தான். காய்ச்சலோடும் பசியோடும் வந்த அந்தக் கத்தோலிக்க அகதிகளை நகரம் விரும்பவில்லை. அவர்களில் ஆதரவற்றவர்களுக்காகப் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் நடத்திய பராமரிப்பு இல்லம், ஹவுஸ் ஒஃப் பிறொவிடன்ஸ், 1857இல் பவர் வீதியில் திறக்கப்பட்டது. 1962இல் வீதி அமைப்புக்காக அது இடிக்கப்பட, அந்தப் பணி ஸ்காபரோவுக்கு, சென்ற் கிளேயர் கிழக்குக்கு இடம்பெயர்ந்தது. அதே நிறுவனத்தார்தான் பின்னாளில் தமிழ் முதியோருக்கென வசந்தம் என்ற பகல்நேர நிலையத்தை ஸ்காபரோவில் தொடங்கினர். ஒரு கூட்டம் கப்பல் அகதிகளுக்காகக் கட்டியது, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு கூட்டம் அகதிகளுக்குப் பயன்பட்டது.

மற்றச் சமூகங்களின் கதையும் கற்க வேண்டியதே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் 1918இல் செசில் வீதியில் ஒரு வீட்டில் முதியோர் இல்லத்தைத் தொடங்கினர். கோஷர் உணவும் இத்திஷ் மொழியும் வேறெங்கும் கிடைக்காததே காரணம். அதுதான் வளர்ந்து 1954இல் பதர்ஸ்ற் வீதியில் பேகிரெஸ்ற் ஆயிற்று. இன்று முதுமையின் மூளையை ஆராயும் உலகறிந்த நிலையம் அது.

சீனர்களின் கதையில் சட்டத்தின் கை தெரிகிறது. 1923 முதல் 1947 வரை சீனர்கள் இந்நாட்டுக்குள் வருவதை ஒரு சட்டம் ஏறக்குறைய முற்றாகத் தடுத்தது. மனைவி மக்களை அழைக்க முடியாமல் சலவைக் கடைகளிலும் உணவகங்களிலும் தனியே கிழடாகிப் போன ஆண்கள் ஏராளம். அவர்களைப் பார்க்க யாரும் இல்லை. 1964இல் மொன் ஷியோங் அறக்கட்டளை உருவாகி, 1975இல் டார்சி வீதியில் அதன் இல்லம் திறந்தது. அடுத்த ஆண்டு இத்தாலியர்கள் வில்லா கொலம்போவைத் திறந்தனர். 1987இல் மருத்துவர் ஜோசப் வொங் யீ ஹொங் நிலையத்துக்கான முயற்சியைத் தொடங்கினார். ஆங்கில இல்லங்களில் பேச்சுத் துணையும் தமக்குப் பழகிய உணவும் இன்றிச் சீன முதியவர்கள் ஒடுங்கிக் கிடந்ததே அதற்குத் தூண்டுதல். ஏழு ஆண்டுகள் பணம் திரட்டி 1994இல் ஸ்காபரோ மக்னிக்கல் வீதியில் 90 கட்டில்களோடு திறந்தார்கள். அது பின்னர் நான்கு இல்லங்களும் 805 கட்டில்களுமாக வளர்ந்தது.

எமது கணக்கு 1983இலிருந்து தொடங்குகிறது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தவர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். வந்தவர்கள் இளைஞர்கள். வயோதிபம் பற்றி அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்? சென்ற் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் குடியிருப்புகளில் ஆறு பேர் ஒரு அறையில் படுத்து, கோப்பை கழுவி, தங்கைக்குச் சீதனமும் தம்பிக்கு ஏஜென்சிக் காசும் அனுப்பினார்கள். பிறகு கல்யாணம், பிள்ளை, ஸ்காபரோவில் வீடு. அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆள் தேவைப்பட்டபோது அம்மாவைப் பொன்சர் செய்தார்கள்.

இதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். எம் தாய்மாரை நாம் ஆசையாகத்தான் அழைத்தோம், ஆனால் தேவையாலும் அழைத்தோம். பத்து ஆண்டுகளுக்கு அவர்களுடைய செலவு எம் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தோம். 2014இலிருந்து அந்தக் காலம் 20 ஆண்டுகளாயிற்று. முதியோர் ஓய்வூதியத்துக்கும் குறைந்தது பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். எனவே கையில் சதம் இல்லாத, பஸ் ஏறத் தெரியாத, பனியில் கதவைத் திறக்கப் பயந்த பெண்கள் எம் பேஸ்மென்ற்றுகளில் இருந்து பேரப்பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்கள் வீட்டைப் பார்த்த துணிவில் எம் பெண்கள் பலர் இரவு வேலைக்குப் போனார்கள். அந்த வேலையில் கணிசமானது எது தெரியுமா? முதியோர் இல்லங்களில் மற்றவர்களுடைய தாய்மாரைக் கழுவித் துடைத்துப் படுக்க வைக்கும் வேலை. எமது சின்னம்மா ஒருவர் பத்தொன்பது ஆண்டுகள் அதைச் செய்தார். 'நான் உள்ளே பார்த்தனான். அக்காவை விடமாட்டன்' என்று முதலில் மறுத்ததும் அவர்தான். கடைசியில், எந்த இல்லத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று எமக்குச் சொல்லித் தந்ததும் அவரே.

*

பெரியம்மா நாற்பத்தைந்து வயதுக்குப் பின் படித்த ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. அது முதலில் போனது. பிந்திப் படித்த மொழி முந்திப் போவதும் தாய்மொழி கடைசிவரை நிற்பதும் இந்த நோயில் பலரிடம் காணப்படுகிறது. இதே நகரத்தில் எலன் பியலிஸ்ரொக்கும் அவருடன் பணியாற்றியோரும் பேகிரெஸ்ற் மறதிநோய்ச் சிகிச்சைக்கு வந்த 184 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வாழ்நாள் முழுதும் இரு மொழி புழங்கியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்தித் தோன்றின என்பது அது. எம் தாய்மாருக்கு அந்த வாய்ப்பையும் நாம் கொடுக்கவில்லை. வகுப்புக்குப் போக விடாமல் பிள்ளை பார்க்க வைத்தோம்.

மொழி போனால் என்ன நடக்கும் என்பதை வைத்தியசாலை ஒன்றில் கண்டோம். பெரியம்மா 'வெளிக்குப் போக வேணும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர், நல்ல பிள்ளை, வேறு ஊர்த் தமிழ் பேசுபவர் போலும், வெளியே போக விரும்புகிறார் என்று சொல்லிவிட்டார். தப்பியோட முயல்பவர் என்று கோப்பில் பதிந்து, கதவை அடைத்து, மணிக்கட்டில் ஒரு பட்டியும் கட்டி விட்டார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது உடுப்பெல்லாம் நனைந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எழுபத்தொன்பது வயதில் மலசலகூடம் கேட்டதற்குக் கிடைத்த மறுமொழி அது.

இன்னொன்றும் உண்டு. பின்னேரம் ஆனதும் பெரியம்மா சீலை இரண்டை மடித்து ஒரு பையில் வைப்பார். 'இருட்டப் போகுது, வீட்டை போவம்' என்பார். பொழுது சாயும் நேரத்து இந்தப் பதற்றம் மறதி நோயாளர் பலருக்கும் வருவது, தமிழருக்கு மட்டும் உரியது அல்ல. ஆனால் எம்மவர் மூட்டை கட்டுவதில் இன்னொரு வரலாறு இருக்கிறது. வைத்தியசாலைக் கூரைக்கு ஹெலிகொப்ரர் வந்தால் அவர் கட்டிலுக்குக் கீழே போனார். நெருப்பு அபாய மணி அடித்தால் அருகில் இருந்த யாரையும் இழுத்து நிலத்தில் படுக்க வைக்கப் பார்த்தார். ஐம்பது வருட நினைவு அழிந்து போக, அழியாமல் நின்றது அதுதான்.

இதில் யூதர்கள் எமக்கு முன்னே நடந்திருக்கிறார்கள். நாசி முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்கள் முதுமையடைந்து மறதிக்குள் போனபோது, குளிக்கும் குழாயும் வரிசையில் நிற்பதும் சீருடையும் அவர்களை முகாமுக்கே திரும்பக் கொண்டுபோயின. அதைக் கவனித்த பேகிரெஸ்ற், அத்தகையோரைப் பராமரிப்பது எப்படி என்று 2003இல் ஒரு கைந்நூல் வெளியிட்டது. எம் மூத்தோருக்கும் அப்படி ஒரு நூல் தேவை. அதை எழுதக்கூடிய தாதியரும் மருத்துவரும் எம்மிடையே இப்போது தாராளமாக இருக்கிறார்கள்.

*

படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஒன்ராறியோவில் தாதியர் இல்லங்களுக்கான சட்டம் 1966இல் வந்தது. 1972இல் அரசு அந்தப் பராமரிப்புக்குக் காசு கொடுக்கத் தொடங்கியது. 1993வரை இல்லங்களே தமக்கு வேண்டியவர்களைத் தெரிந்து எடுத்தன. அதன்பின் சேர்க்கை பொது அமைப்பு ஒன்றின் கைக்குப் போனது. அந்த அமைப்பின் பெயர் பலமுறை மாறி 2024 யூனிலிருந்து ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம் என்று வழங்குகிறது. சட்டமே மொழியையும் மதத்தையும் ஒரு காரணமாக ஏற்கிறது. குறித்த இனத்தவருக்கான இல்லத்துக்கு அந்த இனத்தவர் விண்ணப்பித்தால் அவருக்குத் தனி வரிசை உண்டு. ஆனால் வரிசையில் நிற்க முதலில் இல்லம் இருக்க வேண்டுமே. எங்கள் ஐந்து வரிகளில் தமிழ் இல்லம் என்று எழுத எமக்கு ஒன்று கிடைக்கவில்லை.

கட்டணத்தை அரசே விதிக்கிறது. 2024 யூலையில் அடிப்படை அறைக்கு மாதம் 2,036.40 டொலர். வருமானம் குறைந்தவருக்கு அடிப்படை அறையில் கழிவு உண்டு. தனியறைக்கு இல்லை. இடம் கிடைத்தது என்று அழைப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் பெயர் நீங்கும். ஆகவே 'பார்ப்போம்' என்று எழுதும் பெயர் எதையும் எழுதக் கூடாது.

வைத்தியசாலைக் கட்டிலில் இருப்பவருக்கு நிலைமை இன்னும் கடினம். 2022 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தின்படி, நோயாளியின் சம்மதம் இன்றியே தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை உள்ள இல்லம் ஒன்றை அவருக்குத் தெரிவு செய்யலாம். இடம் கிடைத்தும் போக மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர். முதியோர் உரிமைக்காக வாதிடுவோர் தொடுத்த வழக்கை நீதிமன்றம் 2025 யனவரியில் தள்ளுபடி செய்தது. ஸ்காபரோவிலிருந்து 70 கிலோமீற்றர் என்பது, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு கிழவர் தன் மனைவியை இனிக் காணமாட்டார் என்று அர்த்தம். வீட்டில் முடிந்தவரை வைத்திருந்து, ஒருநாள் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன பின் இல்லம் தேடுவது எம்மவர் வழக்கம். அந்த வழக்கத்துக்கு இந்தச் சட்டம் தண்டனை விதிக்கிறது. தெரிவு செய்வதானால் வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

2020ஐயும் மறக்க முடியாது. கொரோனாவின் முதல் அலையில் கனடாவில் மாண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இத்தகைய இல்லங்களில் இருந்தவர்கள். உதவிக்குப் போன இராணுவத்தினர் ஐந்து ஒன்ராறியோ இல்லங்களில் கண்டதை எழுதிய அறிக்கை அந்த மே மாதம் வெளிவந்து நாட்டை உலுக்கியது. பழைய கட்டடங்களில் நான்கு பேர் ஒரு அறையில் இருந்தது தொற்றுக்கு வழி திறந்தது. அதன்பின் பெயர்ப் பலகையைப் பார்த்து இல்லம் தெரிவு செய்ய யாருக்கும் துணிவு வராது.

சின்னம்மா சொல்லித் தந்தவை இவை. முன் மண்டபத்து மெத்தைக் கதிரைகளைப் பார்க்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் போய், ஊட்டுபவர் கதிரையில் இருந்து ஊட்டுகிறாரா, நின்றபடி மூன்று பேருக்கு மாறி மாறி ஊட்டுகிறாரா என்று பாருங்கள். அழைப்பு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று மணிக்கூட்டைப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒருவர் என்று கேளுங்கள். வேலையாட்கள் எத்தனை வருடமாக அங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். அரசின் பரிசோதனை அறிக்கைகள் எல்லோரும் படிக்கக் கூடியவை, படியுங்கள். சைவச் சாப்பாடு உண்டா என்று கேட்டால் உண்டு என்பார்கள். அதை அரைத்துக் கொடுக்கும்போது எதை அரைப்பீர்கள் என்று கேளுங்கள். பெண்ணைக் குளிக்க வார்ப்பவர் பெண்ணா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். கடைசியாக, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாளுக்கு ஒருவர் வந்து போகும் கட்டிலை எல்லோரும் கவனிப்பார்கள்.

நாம் நான்கு பெயர்களை எழுதினோம். ஐந்தாவதற்கு நம்பி எழுத ஒன்று இருக்கவில்லை. பதினான்கு மாதங்களின் பின் மூன்றாவது இடத்திலிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். தமிழ் பேசும் பணியாளர் பகலில் இருவர், இரவில் இல்லை. அன்றிரவு முழுதும் பேசினோம். மூத்த மருமகள் அழுதார். 'மாமியை நான்தானே கழுவினனான், இனியும் ஏலுமெண்டால் கழுவுவன்' என்றார். அவருடைய முதுகெலும்பில் இரண்டு சத்திரசிகிச்சைகள் முடிந்திருந்தன. காலையில் ஓம் என்று சொன்னோம்.

பெரியம்மா வளர்த்த பேத்தி ஒரு தாளில் முப்பது சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாள். தண்ணி. விடாய்க்குது. நோகுது. குளிருது. வெளிக்கு. அவற்றின் கீழே இரண்டு குறிப்புகள்: அபாய மணி அடிக்கும்போது இவரைத் தனியே விடாதீர்கள், கையைப் பிடித்திருங்கள். பின்னேரம் பையை அடுக்கினால் பறிக்காதீர்கள், கூட நடவுங்கள்.

மூன்றாம் வாரம் ஒரு பின்னேரம் நாம் போனபோது நடைபாதையில் பெரியம்மா பையோடு வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர், அந்தப் பையின் மற்றக் காதைப் பிடித்தபடி நடந்தார். 'பயப்பிடாதேங்கோ, பயப்பிடாதேங்கோ' என்று சொல்லிக்கொண்டு வந்தார். தாளில் இருபத்தாறாவது சொல் அது.

'ஆரணை இவா?' என்று கேட்டோம்.

'எங்கடை ஒழுங்கைப் பிள்ளை. வீட்டை கூட்டிக்கொண்டு போறாள்' என்றார் பெரியம்மா.